கச்சத்தீவு அந்தோனியார் விழா: இரு கரைகளுக்கு ஒரு முற்றம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரசர்தம் கல்வெட்டுகளிலும் அரசாங்க ஆவணங்களிலும் தேடுவது அறிஞர் வழக்கம். அவ்விரண்டிலும் இடம்பெறாத எளிய மக்களின் வரலாற்றைத் தேடுவோர்க்கு அம்மக்களின் விழாக்களே ஆவணங்களாக நிற்கின்றன. விழா எந்தப் பருவத்தில் எடுக்கப்பெற்றது, கொடியேற்றியவர் யார், கூடியவர் எங்கிருந்து வந்தனர், எதனைக் கொணர்ந்தனர், எதனைக் கொண்டு சென்றனர் என்னும் வினாக்களுக்கு விடை காண முற்பட்டால், ஏட்டில் எழுதப்பெறாத ஒரு சமுதாயத்தின் வாழ்வு மெல்ல மெல்லப் புலப்படும். பாக் நீரிணையின் நடுவே, நிலையான குடியிருப்பு ஏதுமற்ற ஒரு சிறு தீவில், ஆண்டுக்கு இரண்டு நாள் மட்டும் நடைபெறும் புனித அந்தோனியார் விழா அத்தகையதோர் ஆவணமாகும்.

கச்சத்தீவு என்றவுடன் உடன்படிக்கை, எல்லைக்கோடு, சட்டமன்றத் தீர்மானம், நீதிமன்ற வழக்கு ஆகியவை நினைவுக்கு வருவது இன்று இயல்பாகிவிட்டது. அத்தீவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதியும் அவற்றையே பேசுகின்றது. விழாவோ அரசியற் செய்தியின் அடிக்குறிப்பாக ஒதுங்கி நிற்கின்றது. ஆயினும் காலவரிசையில் விழாவே மூத்தது, கோடு இளையது. அந்த வரிசையை மனத்திற்கொண்டு நோக்குங்கால் தீவு வேறொரு பொருளைத் தருகின்றது.

நெய்தல் நில விழா

தொல்காப்பியம் நெய்தல் நிலத்திற்கு வருணனைத் தெய்வமாக வகுத்தது. கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுமதி நாளில் கடல்மேற் செல்லாது, சினைச்சுறவின் கோட்டை நட்டு, அதன்கண் உறையும் தெய்வத்தை வழிபட்டு, உண்டும் ஆடியும் களித்த செய்தியைத் தருகின்றது. இச்செய்தியில் மூன்று கூறுகள் கருதத்தக்கன. விழாவின் முதல் இலக்கணம் தொழில் நிறுத்தம் என்பது ஒன்று. கடல் தந்த பொருளே வழிபடு பொருளாயிற்று என்பது மற்றொன்று. வழிபாடும் கூடியுண்ணலும் ஒன்றையொன்று பிரியாமல் நிகழ்ந்தன என்பது மூன்றாவது.

சங்ககால வழிபாடு அவ்வாறே வழிவழி வந்து இன்றைய கத்தோலிக்க விழாவாயிற்று என்று கூறுவது மிகையாகும். இடையில் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்துள்ளன, சமயம் மாறியுள்ளது, வழிபடு தெய்வமும் சடங்கும் மாறியுள்ளன. எனினும் கடலை நம்பி வாழும் மக்கள் விழாவினிடம் எதிர்பார்ப்பது பெரிதும் மாறவில்லை. உயிரோடு திரும்பி வந்தமைக்கு நன்றி கூறவும், இனியும் திரும்பி வர வேண்டிக்கொள்ளவும், ஒரு நாளேனும் வலையைக் கரையில் விட்டுச் சுற்றத்தோடு மணலில் அமரவும் அவர்களுக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. அந்நாளை எந்தப் பெயரால் அழைத்தனர் என்பது காலத்திற்குக் காலம் வேறுபட்டது.

அந்தோனியார் கடற்கரைக்கு வந்த வழி

புனித அந்தோனியார் 1195-ஆம் ஆண்டில் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். அகுஸ்தீனார் சபையிற் சேர்ந்து, பின்னர்ப் பிரான்சிஸ்கன் துறவியானார். மறைபரப்பும் வேட்கையால் மொரோக்கோ நாட்டிற்குக் கடல் கடந்து சென்ற அவர், நோயுற்றுத் திரும்பும் வழியில் கலம் புயலிற் சிக்கிச் சிசிலித் தீவிற்கு அடித்துச் செல்லப்பட்டார் என்பது அவர் வாழ்க்கை வரலாறு கூறும் செய்தி. அதனால் இத்தாலி நாடே அவரது பணிக்களமாயிற்று. 1231-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பதுவை நகரில் மறைந்தார். மறு ஆண்டிலேயே புனிதர் பட்டம் பெற்றார்.

அவரைப் பற்றி வழங்கும் கதைகளுள் இரண்டு கடற்கரை மக்களின் உள்ளத்திற்கு நெருக்கமானவை. இரிமினி நகரத்தார் தம் அறவுரைக்குச் செவிகொடாதபோது அவர் நீர்க்கரையில் நின்று மீன்களை நோக்கி உரையாற்ற, அவை தலைதூக்கிக் கேட்டன என்பது ஒரு கதை. காணாமற்போன பொருளை மீட்டுத் தருபவர் அவர் என்பது மற்றொரு நம்பிக்கை. அலையில் வலையைப் பறிகொடுப்பவர்க்கும், வைகறையில் புறப்பட்ட படகு அந்தி சாய்ந்தும் திரும்பாதபோது கரையில் நின்று நோக்குபவர்க்கும் இழந்ததை மீட்டுத் தரும் ஒருவர் எத்துணை வேண்டியவர் என்பதை விளக்க வேண்டியதில்லை. 'கோடி அற்புதர்' என்று தமிழ்க் கத்தோலிக்கர் அவரை அழைக்கின்றனர்.

போர்த்துக்கீசியக் கலங்கள் சென்ற கரைகளிலெல்லாம் லிஸ்பனிற் பிறந்த இப்புனிதரின் பத்தியும் சென்றது. 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் திரளாகக் கத்தோலிக்கம் தழுவினர். 1542-ஆம் ஆண்டில் சவேரியார் அக்கரைக்கு வந்தார். அடுத்த இரண்டாண்டுகளில் மன்னார்த் தீவிலும் அச்சமயம் பரவியது. 1544-ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் அங்குப் புதிதாக மனம் மாறியோர் பலர் கொல்லப்பட்டனர். இவ்வாறு தொடக்கத்திலேயே இரு கரைகளும் ஒரே சமய வரலாற்றில் பிணைந்துவிட்டன.

தமிழ் இலக்கிய வரலாற்றிற்கும் இக்கரைக்கும் உள்ள உறவு இவ்விடத்து எண்ணத்தக்கது. அண்டிரீக் அடிகளார் 1578-ஆம் ஆண்டில் கொல்லத்தில் அச்சிடுவித்த தம்பிரான் வணக்கம் தமிழெழுத்தில் அச்சான முதல் நூல்களுள் தலையாயது. அவரே 1586-ஆம் ஆண்டில் புனிதர்களின் வரலாறுகளைத் தொகுத்து 'அடியார் வரலாறு' எனத் தமிழறிஞர் குறிக்கும் பெருநூலை வெளியிட்டார். தமிழ் அச்சுக்கலையின் முதற் பத்தாண்டுக்குள் கடற்கரை மக்களின் கைக்குச் சென்ற பெரிய நூல் புனிதர் வாழ்க்கைத் தொகுப்பாக இருந்தது. மீன்பிடி மக்களின் பேச்சுத் தமிழ் அச்சேறியதும் அந்நூல்களின் வழியேதான். அயல்நாட்டுப் பெயர்களைத் தமிழாக்கும் முயற்சியும் இம்மரபில் செழித்தது. சிறியவர் என்னும் பொருள் கொண்ட பவுல் என்ற பெயர் சின்னப்பர் ஆயிற்று. கடவுளின் அருளைக் குறிக்கும் யோவான் என்ற பெயர் அருளப்பர் ஆயிற்று. அந்தோனியாருக்கோ பெயர் மாற்றம் தேவைப்படவில்லை. 'ஆர்' என்னும் ஒரு மதிப்பு விகுதியே அவரைத் தமிழராக்கப் போதுமானதாயிற்று.

1658-ஆம் ஆண்டில் தூத்துக்குடியும் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. இலங்கைக் கரையில் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. 1687-ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து மறைவாக வந்து சேர்ந்த யோசேப் வாஸ் அடிகளார் யாழ்ப்பாணத்தில் இரவு வேளைகளிலும் மாறுவேடத்திலும் பணிபுரிந்தார். இக்கரையில் சேதுபதி நாட்டின் ஓரியூரில் 1693-ஆம் ஆண்டில் அருளானந்தர் என்னும் பிரிட்டோ அடிகளார் தலைவெட்டுண்டு மாண்டார். குருக்கள் அருகியிருந்த அக்காலங்களில் இரு கரைகளிலும் செபத்தையும் விழாவையும் காத்தவர்கள் பொதுநிலை மக்களே. கோயில் எழுப்பவும் விழா எடுக்கவும் குருவின் வருகைக்குக் காத்திராத மனப்பாங்கு அந்த நெருக்கடிக் காலங்களில் வலுப்பெற்றது எனலாம். கச்சத்தீவுக் கோயிலின் தோற்றத்தைப் புரிந்துகொள்ள அம்மனப்பாங்கே திறவுகோல்.

தீவும் கோயிலும்

கச்சத்தீவு ஏறத்தாழ 285 ஏக்கர் பரப்புடையது. இராமேசுவரத்திற்கு வடகிழக்கிலும் நெடுந்தீவிற்குத் தென்மேற்கிலும் அமைந்தது. குடிநீர் இல்லாமையால் குடியேற்றமும் இல்லை. மீனவர்க்கு அது ஊராக என்றும் இருந்ததில்லை, களமாக இருந்தது. வலை உலர்த்தவும், இளைப்பாறவும், காற்று மாறும்வரை ஒதுங்கியிருக்கவும் இரு கரை மீனவரும் அதனைப் பயன்படுத்தினர்.

இராமநாதபுரம் சேதுபதிகள் அதனைத் தம் சமீன் உடைமையாகக் கொண்டனர். 1880-ஆம் ஆண்டில் சாயவேர் எடுப்பதற்காகச் சமீனின் ஊர்களும் தீவுகளும் குத்தகைக்கு விடப்பட்டபோது கச்சத்தீவும் அதில் அடங்கியிருந்தது. துணிக்குச் செந்நிறம் ஊட்டும் வேர் அந்நாளில் அத்தீவின் செல்வம். இலங்கை அரசும் தீவைத் தனதென்றது. 1921-ஆம் ஆண்டில் கொழும்பில் சென்னை மாகாண, இலங்கைப் பேராளர்கள் கூடி மீன்பிடி எல்லை பற்றிப் பேசினர். உரிமை வினா தீராமலே நின்றது.

இவ்வாறு இரு அரசுகளும் தாளில் வழக்காடிக்கொண்டிருந்த காலத்தில், மணலில் ஒரு கோயில் எழுந்திருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 1905-ஆம் ஆண்டை ஒட்டி, தொண்டியை அடுத்த நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பார் அந்தோனியாருக்கு அச்சிறு கோயிலை எழுப்பினார் என்பது இராமநாதபுரக் கரையில் வழங்கும் வழிவழிச் செய்தி. விழா நாளில் தங்கச்சிமடத்திலிருந்து குரு ஒருவர் சென்று திருப்பலி நிறைவேற்றுவது முன்னாளைய வழக்கம். எழுப்பியவர் பெயரைக் கத்தோலிக்கப் பெயரென்று எவரும் கூறார். கடலில் செல்வோர்க்குக் காவல் தருபவர் எவராயினும் அவருக்கு ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணமே அக்கோயிலின் அடிக்கல். அன்று தொட்டு இன்று வரை அவ்விழாவில் இந்துக்களும் கலந்துகொள்வது அத்தோற்றத்திற்கு இயைந்ததே.

இது ஒரு சிறப்பான கூறு. பொதுவாக ஊர் முதலில் தோன்றும்; பின்னர் ஊருக்குக் கோயில் தோன்றும்; பின்னர்க் கோயிலுக்குப் பாதுகாவலர் விழா தோன்றும். கச்சத்தீவிலோ ஊரே இல்லை. கோயிலும் விழாவும் உள்ளன. அவ்விழாவின் இரு நாள்களில் மட்டும் அங்கு ஓர் ஊர் தோன்றி மறைகின்றது. இரு கரைகளிலுமிருந்து வந்து கூடுவோரே அவ்வூரின் குடிகள்.

காற்று வகுத்த நாள்

திருச்சபை நாட்காட்டியில் அந்தோனியார் திருநாள் ஜூன் 13. கச்சத்தீவு விழாவோ பெப்ரவரி இறுதியிலோ மார்ச் மாதத்திலோ தவக்காலத்தில் நிகழ்கின்றது. அண்மைய ஆண்டுகளில் தவக்கால முதல் ஞாயிறை அடுத்து வரும் வார இறுதி அதற்குரிய நாளாக அமைந்து வருகின்றது. பாதுகாவலரின் பெருநாளைத் தவக்காலத்தில் கொண்டாடுதல் கத்தோலிக்க உலகில் அரிதாகக் காணப்படுவது. நோன்பும் அடக்கமும் கடைப்பிடிக்க வேண்டிய பருவத்தில் தேரும் கொடியும் எவ்வாறு இடம்பெற்றன என்ற வினா எழுதல் இயல்பு.

விடை கடலில் உள்ளது. பாக் நீரிணை மீனவர் காற்றின் திசைகொண்டு ஆண்டைப் பகுப்பவர்கள். வடக்கிலிருந்து வரும் வாடையும் கிழக்கிலிருந்து வரும் கொண்டலும் ஆண்டின் இறுதியில் கடலைக் கலக்கும். ஜூன் மாதத்தில் மேற்கிலிருந்து கச்சான் வலுத்து வீசும். பாய் கட்டிய சிறு கலத்தில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு திறந்த கடலைக் கடக்க அப்பருவங்கள் ஏற்றவை அல்ல. வாடை தணிந்து கச்சான் எழுமுன் கடல் அடங்கிக் கிடக்கும் இடைவெளி மாசி, பங்குனித் திங்கள்களில் வாய்க்கின்றது. அந்த இடைவெளியில் விழா அமைந்தது. உரோமை வகுத்த நாளைக் கடல் மாற்றியது. திருச்சபையும் அதற்கு இசைந்தது. விழாவின் நாளைக் குறித்தவர் மீனவர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தவக்காலத்தின் சாயலும் விழாவில் படிந்துள்ளது. முதல் நாள் பிற்பகலில் கொடியேற்றம். அதனைத் தொடர்ந்து தீவின் மணற்பரப்பில் சிலுவைப் பாதை. மாலையில் திருப்பலி. இரவில் அந்தோனியார் திருவுருவம் தாங்கிய தேர்ப்பவனி. மறுநாள் காலையில் பெருவிழாத் திருப்பலி, அதன்பின் கொடியிறக்கம். நண்பகலுக்குள் படகுகள் புறப்படத் தொடங்கும். துயரைத் தியானிக்கும் சிலுவைப் பாதையும் மகிழ்வைக் கொண்டாடும் தேர்ப்பவனியும் ஒரே மணலில், ஒரே அந்தியில் அடுத்தடுத்து நிகழ்கின்றன.

யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் ஆளுகையில் கோயில் உள்ளது. நெடுந்தீவுப் பங்குத்தந்தை விழாப் பொறுப்பை ஏற்கின்றார். இராமேசுவரம் வேர்க்கோடு பங்குத்தந்தை இக்கரை அடியார்களை ஒருங்கிணைக்கின்றார். இரு நாட்டுக் குருக்களும் கூடித் திருப்பலி நிறைவேற்றுகின்றனர். வழிபாடு தமிழில் நிகழ்கின்றது. தென்னிலங்கையிலிருந்து வரும் அடியார்களுக்காக அண்மைக் காலத்தில் சிங்களமும் இடம்பெறுகின்றது.

முன்னாளில் விழாக் களம் சந்தையாகவும் விளங்கியது. இக்கரையிலிருந்து துணிமணியும் பாயும் சென்றன. அக்கரையிலிருந்து தேங்காயெண்ணெயும் சவர்க்காரமும் வாசனைப் பொருள்களும் வந்தன. காசினும் பண்டமாற்றே மிகுதி. சந்தைக்கு அப்பால் மற்றொரு கொடுக்கல் வாங்கலும் இருந்தது. பெண் கொடுத்தும் கொண்டும் உறவு பூண்டிருந்த குடும்பங்கள் ஆண்டுக்கு ஒருமுறை அங்குச் சந்தித்தன. பிறப்பும் இறப்பும் மணமும் அங்குச் சொல்லப்பட்டன. குடிநீரைக் கலத்தில் கொண்டுவந்து, மணலில் அடுப்பு மூட்டிச் சமைத்து, மரநிழலில் உறங்கி, விடிந்ததும் வழிபட்டுப் பிரிந்தனர்.

ஐந்தாம் பிரிவு

1914-ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடியது. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபின் அக்கப்பல் இராமேசுவரத்திலிருந்து புறப்பட்டது. கடவுச்சீட்டு பெறும் வசதி உடையோர்க்கு அது வழி. கடவுச்சீட்டு என்ற ஒன்றைக் கண்டிராத மீனவக் குடும்பத்திற்கு விழாப் படகே வழி.

1974-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் இந்தியத் தலைமையமைச்சர் இந்திரா காந்தியும் இலங்கைத் தலைமையமைச்சர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையால் பாக் நீரிணையில் கடல் எல்லை வகுக்கப்பட்டது. கச்சத்தீவு இலங்கையின் பக்கம் அமைந்தது. தமிழகச் சட்டமன்றம் அவ்வாண்டிலேயே எதிர்ப்புத் தெரிவித்தது. பின்னாளில் உச்சநீதிமன்றத்திலும் வழக்குகள் தொடுக்கப்பட்டன. அவ்வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது.

விழாவை நோக்குவோர்க்கு அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவே இன்றியமையாதது. இந்திய மீனவரும் திருப்பயணிகளும் இதுகாறும் இருந்துவந்தவாறே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்றும், அதன்பொருட்டு இலங்கை அரசு அவர்களிடம் பயண ஆவணமோ நுழைவிசைவோ கோராது என்றும் அப்பிரிவு உறுதி கூறுகின்றது. இரு இறைமை நாடுகள் தம் எல்லையை வரைந்துகொண்டிருக்கையில், ஆண்டுக்கு இரு நாள் நிகழும் திருப்பயணத்திற்காக அவ்வெல்லையில் ஒரு வாயிலைத் திறந்து வைத்தன. 1976-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பரிமாறப்பட்ட கடிதங்கள் ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டுக் கடலில் மீன்பிடித்தலை விலக்கின. மீன்பிடி உரிமை பற்றிய வாதம் அதன்பின் ஓயவில்லை. திருப்பயணத்தின் உரிமையை மட்டும் எவரும் மறுக்கவில்லை.

'இதுகாறும் இருந்துவந்தவாறே' என்னும் தொடர் ஊன்றி நோக்கத்தக்கது. அது உரிமையை வழக்கத்தின்மேல் நிறுத்துகின்றது. மக்கள் சென்றுவந்தனர், ஆதலால் செல்லலாம் என்பதே அதன் பொருள். பட்டயமும் பத்திரமும் இல்லாத மீனவரின் நடைமுறையே அங்குச் சான்றாயிற்று. வழக்கத்தின்மேல் நிற்கும் உரிமைக்கு ஒரு வலிமையும் ஒரு மென்மையும் உண்டு. வழங்கும்வரை அதனை அசைக்க முடியாது. வழங்காது விட்டால் அது தானே தேயும்.

படகுகள் செல்லாத ஆண்டுகள்

1983-ஆம் ஆண்டிற்குப் பின் இலங்கையில் மூண்ட போர் விழாவை நிறுத்தியது. 1984-ஆம் ஆண்டில் தலைமன்னார்க் கப்பலும் நின்றது. விழாவிற்குக் குடும்பத்தோடு படகேறிச் சென்ற அதே கடலில், குடும்பத்தோடு படகேறி மக்கள் அகதிகளாக வந்தனர். தனுஷ்கோடி மணலில் இறங்கி மண்டபம் முகாமை அடைந்தவர்களுள் கடற்கரைக் கத்தோலிக்கரும் பலர். ஒரு தலைமுறைக் குழந்தைகள் கச்சத்தீவுக் கோயிலைக் கண்ணால் காணாமலே வளர்ந்தனர். 2002-ஆம் ஆண்டின் போர்நிறுத்தத்தை ஒட்டி விழா ஓரளவு மீண்டது. 2009-ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், 2010-ஆம் ஆண்டு முதல் இரு கரை மக்களும் பெருந்திரளாகக் கூடலாயினர்.

வடபுலத்து மக்களுக்குக் 'காணாமற்போனோர்' என்ற சொல் போருக்குப் பின் வேறொரு கனத்தைப் பெற்றுவிட்டது. காணாமற்போனதை மீட்டுத் தருபவர் என்று நம்பப்படும் ஒரு புனிதரின் முன் அம்மக்கள் மெழுகுதிரி ஏற்றுவதன் பொருளை உரையாசிரியர் எவரும் விரித்துரைக்க வேண்டியதில்லை.

பழைய கோயில் சிதைவுற்றமையால், இலங்கைக் கடற்படையின் உழைப்பில் புதிய கோயில் கட்டப்பட்டு 2016-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் யாழ்ப்பாண ஆயரால் அர்ச்சிக்கப்பட்டது. மூன்று திங்களுக்குள், 2017-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள் தங்கச்சிமடத்து இளம் மீனவர் ஒருவர் கடலில் சுடப்பட்டு இறந்தார். புதிய கோயிலில் நிகழவிருந்த முதல் விழாவைத் தமிழக மீனவர் புறக்கணித்தனர். பெருந்தொற்றின் காரணமாக 2021-ஆம் ஆண்டில் திருப்பயணம் நிகழவில்லை. 2022-ஆம் ஆண்டில் மிகக் குறைந்த எண்ணிக்கையினரே சென்றனர். 2024-ஆம் ஆண்டில், எல்லை தாண்டியதாகப் பிடிபட்ட படகோட்டிகளுக்கு இலங்கை நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்ததைக் கண்டித்து, இராமேசுவர மீனவர் மீண்டும் விழாவைப் புறக்கணித்தனர்.

செல்லும் ஆண்டுகளிலும் செலவு முன்போல் எளிதன்று. இக்கரையில் பெயர் பதிந்து, அடையாளச் சான்று காட்டி, பதிவுபெற்ற படகில் எண்ணிக்கைக்கு உட்பட்டே ஏறவேண்டும். கடலோரக் காவற்படையின் சோதனை உண்டு. அக்கரையில் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து வருவோர்க்கும் கட்டுப்பாடுகள் உண்டு. இரு நாட்டு அலுவலர்களின் கண்முன்னேதான் அன்று தோன்றி மறையும் அந்த ஊர் இன்று தோன்றி மறைகின்றது.

ஒரு மொழியின் இரு வழக்கு

விழா இன்று எதிர்நோக்கும் இடர் அரசுகளால் மட்டும் வந்ததன்று. இரு கரை மீனவரிடையேயும் பிளவு உண்டு. அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது.

போர்க்காலத்தில் வட இலங்கை மீனவர் கடலுக்குச் செல்வதே தடுக்கப்பட்டிருந்தது. அக்காலத்தில் தமிழகக் கரையில் இழுவைமடிப் படகுகள் பெருகின. ஆழமற்ற பாக் நீரிணையில் கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி மீனையும் மீன்குஞ்சையும் ஒருசேர எடுக்கும்; எதிர்ப்படும் சிறு வலைகளை அறுக்கும். 2009-ஆம் ஆண்டிற்குப் பின் தம் கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண, மன்னார் மீனவர், கடன்பட்டு வாங்கிய வலைகள் இரவோடிரவாக அழிவதைக் கண்டனர். இக்கரை மீனவரோ தலைமுறை தலைமுறையாக மீன்பிடித்த கடலில் கைது செய்யப்படுவதையும், வாழ்நாள் முதலீடான படகு கைப்பற்றப்படுவதையும் கண்டனர். 2014-ஆம் ஆண்டில் சென்னையிலும் கொழும்பிலும் இரு தரப்பு மீனவப் பேராளர்களும் அமர்ந்து பேசினர், முடிவு எட்டவில்லை. 2017-ஆம் ஆண்டில் இலங்கை நாடாளுமன்றம் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்தது.

இப்பிளவு மொழியிலும் படிந்திருப்பதைக் கவிஞர்கள் கருதிப் பார்க்கலாம். தமிழகத்தில் 'மீனவர்' எனப்படுவோர் இலங்கையில் 'கடற்றொழிலாளர்' எனப்படுகின்றனர். தீவின் பெயரையே இக்கரையில் ஒற்று மிகுத்துக் கச்சத்தீவு என்றும் அக்கரையில் பெரும்பாலும் ஒற்று மிகாமல் கச்சதீவு என்றும் எழுதுகின்றனர். இவை ஒரு மொழியின் இயல்பான வழக்கு வேறுபாடுகள். இன்னொரு சொல்லில் வேறுபாடு ஆழமாகின்றது. இக்கரையினர் 'விசைப்படகு' என்று அழைக்கும் கலத்தை அக்கரையினர் 'இழுவைப்படகு' என்கின்றனர். பொருள் ஒன்றே. ஒரு சொல் அதனை ஓட்டுபவன் பெற்ற ஆற்றலைக் கூறுகின்றது. மற்றச் சொல் அதன் வழியில் வலை விரித்தவன் இழந்ததைக் கூறுகின்றது. ஒரே மொழி பேசுவோர் ஒரே பொருளுக்கு இரு பெயரிட்டு, அவ்விரு பெயர்களுக்குள்ளும் தத்தம் வழக்கை வைத்துவிட்டனர்.

மாநாட்டு மேசையில் அவ்விரு சொற்களும் எதிரெதிரே அமர்ந்தன. விழா மணலில் அவை அருகருகே அமர்கின்றன. வலை இழந்தவனும் படகு இழந்தவனும் சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளையும் ஒருங்கே நடந்து, ஒரே தேரின் பின் செல்லும் இடம் பாக் நீரிணையில் கச்சத்தீவு ஒன்றே. அங்கு எவரும் பேராளராகச் செல்வதில்லை, நேர்த்திக்கடனோடு செல்கின்றனர். வழக்குத் தீர்வதற்கு அது போதாது. வழக்காடுவோர் ஒருவர் முகத்தை ஒருவர் மறவாதிருப்பதற்கு அது துணை செய்யும்.

நிறைவாக

இதுவரை கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. கச்சத்தீவுக் கோயிலை எழுப்பியவர் கடற்கரை மனிதர். அதன் விழா நாளைக் குறித்தது கடல். அதன் மொழி தமிழ். அதன் உரிமைக்குச் சான்று மக்களின் இடையறாத செலவு. கோடு வரைந்த அரசுகளே அச்செலவை மதித்து ஐந்தாம் பிரிவை எழுதின.

ஆகவே விழாவிற்குப் படகு செல்லாத ஒவ்வோர் ஆண்டும் ஓர் இழப்பாகும். சுடப்பட்டவனுக்காகவும் சிறைப்பட்டவனுக்காகவும் குரல் எழுப்புதல் மீனவரின் உரிமை. அவர்தம் துயரில் நியாயம் உண்டு. ஆயினும் புறக்கணிப்பு எனும் கருவி இங்குத் தன்னையே வெட்டும் கருவியாகின்றது. தண்டிக்க நினைத்த அரசிற்கு அதனால் ஒரு குறைவும் நேர்வதில்லை. அக்கரையில் காத்திருந்த உறவிற்கே குறைவு நேர்கின்றது. வழக்கத்தின்மேல் நிற்கும் உரிமையும் ஓராண்டு மெலிகின்றது. அவ்வாறே, திருப்பயணத்தைப் பட்டியலும் சோதனையுமாக நெருக்கும் அலுவலகங்கள், தம் அரசுகள் கைச்சாத்திட்ட பிரிவின் சொற்களை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்த்தல் நன்று.

நெய்தலைப் பாடிய பழம்புலவர்கள் அத்திணைக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தனர். கரையில் நின்று கடலை நோக்கி வருந்துதல் அந்நிலத்தின் ஒழுக்கமாயிற்று. இரு கரைகளிலும் தமிழர் அவ்வொழுக்கத்தை இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கின்றனர். ஆண்டில் இரண்டு நாள் அவ்விரங்கலுக்கு இடையே ஒரு சந்திப்பு வாய்க்கின்றது. அச்சந்திப்பைப் பாடவும் எழுதவும் காக்கவும் தமிழ் கற்றோர்க்குக் கடமை உண்டு.